லிக்டென்ஸ்டைன்: கடன் வாங்கியதும் கைவிடாததும்

லிக்டென்ஸ்டைனின் அரசு மருத்துவமனையில் இருந்த பிரசவப் பிரிவு 2014இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்நாட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர் எல்லைக்கு வெளியேதான் பிறக்கிறார்கள். ரைன் ஆற்றின் அக்கரையில் இருக்கும் சுவிட்சர்லாந்தின் கிராப்ஸ் மருத்துவமனை பலருக்கும் பக்கம். நீண்ட சிறைத் தண்டனை பெற்றவர்களை ஆஸ்திரியச் சிறைகளுக்கு அனுப்புகிறார்கள். புழங்கும் பணம் சுவிஸ் ஃபிராங்க். நாட்டுக்குள் ஓடும் ஒரே ரயில் பாதையை ஆஸ்திரிய ரயில்வே நடத்துகிறது. 1868இல் கலைத்த ராணுவத்தைத் திரும்ப அமைக்கவில்லை. விமான நிலையமும் கிடையாது.

இத்தனையும் இல்லாத இந்த நாட்டில் சுமார் 40,000 பேர் வாழ்கிறார்கள். அரசுக்குக் கடன் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 1990 முதல் ஐ.நா. உறுப்பினர். "வரி ஏய்ப்பவர்களின் புகலிடம்" என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. அதைப் பற்றிக் கீழே வரும். ஆனால் அதை மட்டும் பார்த்தால் இந்த நாடு எப்படி நிற்கிறது என்பது புரியாது. மூன்று அதிகாரங்களை மட்டும் லிக்டென்ஸ்டைன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை: சட்டம் இயற்றுவது, வரி விதிப்பது, யார் குடியேறலாம் என்று முடிவு செய்வது. மற்றவற்றில் பெரும்பகுதியை அண்டை நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டது. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்ற அந்தத் தேர்வில்தான் நாட்டின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது.

ஆறும் மலையும்

மொத்தப் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். மேற்கு எல்லை ரைன் ஆறு. அதன் அக்கரை சுவிட்சர்லாந்து. கிழக்கே ஆல்ப்ஸ் மலை. அதைத் தாண்டினால் ஆஸ்திரியா. கடல் இல்லாத நாடுகளால் மட்டுமே சூழப்பட்ட, தனக்கும் கடல் இல்லாத நாடுகள் உலகில் இரண்டுதான். ஒன்று உஸ்பெகிஸ்தான், மற்றது இது. வடக்கே ருகெல் ஊரின் சதுப்பு நிலம் கடல் மட்டத்திலிருந்து 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்குக் கோடியில் கிராவுஷ்பிட்ஸ் சிகரம் 2,599 மீட்டர். சமதளம் என்றால் ரைன் கரையோரம் உள்ள குறுகிய பட்டைதான். வீடு, தொழிற்சாலை, சாலை, சோளக்கொல்லை எல்லாம் அந்தப் பட்டைக்குத்தான் போட்டி போடுகின்றன. இங்கே நிலத்தின் விலை எப்போதும் உச்சத்தில் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்தச் சமதளமும் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ரைன் மலையிலிருந்து சரளைக் கற்களை அள்ளிக்கொண்டு வருகிறது. இரு பக்கமும் கரை கட்டி ஆற்றை அடக்கியபோது, கற்கள் பரவ இடமில்லாமல் படுகையிலேயே படிந்தன. ஆற்றின் அடித்தளம் மேலே மேலே வந்தது. கரையையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் ஆற்று நீர் பக்கத்து வயல்களைவிட உயரத்தில் ஓடியது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளால் ஆற்றில் கலக்க முடியவில்லை. 1927 செப்டம்பர் 25 அன்று பெருமழை வெள்ளத்தில் ஷான் ஊர் ரயில் பாலத்தருகே கரை உடைந்து, நாட்டின் வடபகுதி நீரில் மூழ்கியது. அதன் பிறகு, 1931 முதல் 1943 வரை, ஆற்றுக்கு இணையாக ஓர் உள்கால்வாய் வெட்டினார்கள். ஓடைகள் எல்லாம் அந்தக் கால்வாயில் விழும். கால்வாய் வடக்கே தாழ்ந்த இடத்தில் ரைனில் சேரும். சதுப்பு விளைநிலமானது இப்படித்தான். பின்னாளில் தொழிற்சாலைகளுக்கு இடம் கிடைத்ததும் இதனால்தான்.

நாட்டில் மொத்தம் 11 ஊராட்சிகள். தெற்கே "மேல்நாடு", அதில் ஆறு. வடக்கே "கீழ்நாடு", அதில் ஐந்து. தலைநகர் வாடூஸ்; அதைவிடச் சற்றுப் பெரிய ஊர் ஷான். இரண்டிலும் ஆறாயிரத்தை ஒட்டிய மக்கள்தான். மலைச்சரிவில் உள்ள பிளாங்கனில் ஐந்நூறு பேர் அளவில் இருக்கிறார்கள். ஆட்சி மொழி ஜெர்மன். வீட்டில் பேசுவது ஜெர்மனின் அலெமன்னிக் வட்டார வழக்கு. ட்ரீசன்பெர்கில் மட்டும் பேச்சு தனி. சுமார் 1300ஆம் ஆண்டை ஒட்டி சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறிய வால்சர் மக்களின் வழக்கு அங்கே இன்றும் கேட்கிறது. மக்களில் மூன்றில் ஒருவர் வெளிநாட்டுக் குடிமகன். அவர்களில் பலர் சுவிஸ், ஆஸ்திரிய, ஜெர்மானியர்.

நாற்காலிக்காக வாங்கிய நாடு

லிக்டென்ஸ்டைன் குடும்பம் இந்த மண்ணைச் சேர்ந்ததல்ல. வியன்னாவில் வாழ்ந்த, இன்றைய செக் நாட்டுப் பகுதிகளில் பெரும் நிலம் வைத்திருந்த குடும்பம் அது. செல்வம் இருந்தும், புனித ரோமானியப் பேரரசின் இளவரசர்கள் அவையில் நிலையான இருக்கை இல்லை. பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நிலம் கையில் இருந்தால்தான் அந்த இருக்கை கிடைக்கும். ஆகவே 1699இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712இல் வாடூஸையும் விலைக்கு வாங்கினார்கள். 1719 ஜனவரி 23 அன்று பேரரசர் ஆறாம் கார்ல் இரண்டையும் சேர்த்து இளவரசு நாடாக அறிவித்தார். அதற்குப் பிறகு ஆட்சியில் இருந்த இளவரசர் ஒருவர் இங்கே வந்து எட்டிப் பார்த்தது 1842இல்தான். நிரந்தரமாகக் குடிவந்தது 1938இல், இரண்டாம் ஃபிரான்ஸ் யோசெஃப்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா அந்தக் குடும்பத்தின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. பறிபோன நிலம் லிக்டென்ஸ்டைனைப் போலப் பல மடங்கு. பணமுடையில் ஓவியங்களை விற்றார்கள். லியோனார்டோ டாவின்சியின் "ஜினெவ்ரா டெ பென்சி" 1967இல் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போனது இப்படித்தான். பிறகு குடும்பத்தின் எல்ஜிடி வங்கி வளர்ந்து நிலைமை மாறியது. இளவரசர் அரசிடம் சம்பளம் வாங்குவதில்லை. அவருடைய அரசியல் செல்வாக்கைப் புரிந்துகொள்ள இது முக்கியம்: மக்கள் அவருக்குப் படியளக்கவில்லை, அவரும் மக்களைச் சார்ந்து பிழைக்கவில்லை.

இரண்டு எஜமானர்கள்

1921 அக்டோபர் 5 அன்று கையெழுத்தான அரசமைப்பின்படி, அரசின் அதிகாரம் இளவரசரிடமும் மக்களிடமும் சேர்ந்து இருக்கிறது. பெயரளவு முடியாட்சி இது இல்லை. லாண்ட்டாக் என்னும் நாடாளுமன்றத்தில் 25 இடங்கள்: மேல்நாட்டுக்கு 15, கீழ்நாட்டுக்கு 10. வாக்காளர் ஒரு கட்சியின் சீட்டை எடுத்து, பிடிக்காத பெயரை அடித்துவிட்டு, மாற்றுக் கட்சி வேட்பாளரின் பெயரைக் கையால் எழுதிப் போடலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர்களில் இந்த உரிமைக்குக் கனம் அதிகம். மொத்த வாக்கில் 8 சதவீதம் பெறாத கட்சிக்கு இடமில்லை. 2025 பிப்ரவரித் தேர்தலில் தேசபக்த ஒன்றியம் 10 இடங்களும், முற்போக்குக் குடிமக்கள் கட்சி 7 இடங்களும், லிக்டென்ஸ்டைனுக்கான ஜனநாயகவாதிகள் 6 இடங்களும், சுதந்திரப் பட்டியல் 2 இடங்களும் பெற்றன. பிரிகிட்டே ஹாஸ் நாட்டின் முதல் பெண் பிரதமரானார். பெண்களுக்கு வாக்குரிமையே 1984இல்தான் வந்தது. 1971இலும் 1973இலும் ஆண்கள் வாக்களித்து அதை மறுத்தார்கள். மூன்றாம் முறை 51.3 சதவீத ஆதரவோடு மயிரிழையில் தப்பியது.

ஒரு சட்டம் நடைமுறைக்கு வர நான்கு படிகள். முதலில் லாண்ட்டாக் நிறைவேற்ற வேண்டும். அடுத்த 30 நாட்களுக்குள் 1,000 குடிமக்கள் கையெழுத்திட்டால் அது பொதுவாக்கெடுப்புக்குப் போகும்; அரசமைப்புத் திருத்தம் என்றால் 1,500 கையெழுத்து. பிறகு இளவரசர் ஒப்புதல் தர வேண்டும். கடைசியாகப் பிரதமரின் கையெழுத்தும் அரசிதழில் வெளியீடும். இளவரசர் மறுத்து எழுதக்கூடத் தேவையில்லை. ஆறு மாதம் கையெழுத்திடாமல் இருந்தாலே சட்டம் செத்துவிடும். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கும் அவரே தலைவர்.

2003இல் இந்த அதிகாரங்களை உறுதிப்படுத்தும் திருத்தத்தை இளவரசர் இரண்டாம் ஹான்ஸ்-ஆடம் மக்கள் முன் வைத்தார். தோற்றால் வியன்னாவுக்குப் போய்விடுவேன் என்றும் சொன்னார். 64 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஐரோப்பா அவையின் வல்லுநர்கள் இதைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். குறை சொல்ல நியாயம் உண்டு. ஆனால் அதே திருத்தம் எதிர்ப்பக்கத்துக்கும் ஆயுதம் கொடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1,500 குடிமக்கள் கையெழுத்திட்டால் முடியாட்சியை ஒழிக்கும் வாக்கெடுப்பைத் தொடங்கலாம். அதற்கு இளவரசரின் ஒப்புதல் தேவையில்லை. ஒவ்வோர் ஊராட்சிக்கும் நாட்டைவிட்டுப் பிரிந்துபோகும் உரிமையும் உண்டு. இப்படி ஓர் உரிமையை அரசமைப்பிலேயே எழுதிவைத்த நாடுகள் மிகக் குறைவு.

2011இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தும் வாக்கெடுப்பு வந்தபோது, மக்கள் ஏற்றாலும் தான் ஒப்ப மாட்டேன் என்று 2004 முதல் ஹான்ஸ்-ஆடமுக்குப் பதிலாக ஆட்சியை நடத்திவரும் அவருடைய மூத்த மகன் அலோய்ஸ் முன்கூட்டியே அறிவித்தார். அந்த வாக்கெடுப்பு தோற்றது. மறு ஆண்டு, மக்கள் வாக்கெடுப்பில் வென்றதை இளவரசர் தடுக்கக் கூடாது என்று கேட்டு ஒரு முயற்சி நடந்தது. 76 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். தடுப்பதற்கான அதிகாரத்தை அடிக்கடி பயன்படுத்த வேண்டியதில்லை, பயன்படுத்துவேன் என்று சொன்னாலே போதும் என்பதுதான் இங்கே நடப்பு. ஜனநாயகத்தின் கணக்கில் இது நல்ல பழக்கம் அல்ல என்பதே என் கருத்து. அதை மக்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

சுங்கம் ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம்

1852 முதல் ஆஸ்திரியாவோடு சுங்க ஒன்றியம் இருந்தது. முதல் உலகப் போரில் ஆஸ்திரியா சிதைந்து, அதன் பணம் மதிப்பிழந்தபோது இங்கே சேமிப்பும் கரைந்தது. 1919இல் அந்த ஒப்பந்தத்தை முறித்தார்கள். 1923இல் சுவிட்சர்லாந்தோடு கையெழுத்திட்ட சுங்க ஒப்பந்தம் 1924 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பணமும் ஃபிராங்க் ஆனது. ரைன் பாலத்தைக் கடக்கும்போது சோதனைச் சாவடி இருக்காது. ஆஸ்திரிய எல்லையில் ஷான்வால்டில் நிற்பவர்கள் சுவிஸ் சுங்கத்தினர்.

சட்டத்திலும் இதே கதை. குடிமைச் சட்டமும் குற்றவியல் சட்டமும் ஆஸ்திரியாவைப் பின்பற்றியவை. சொத்துச் சட்டம் சுவிஸ் வழி. நீதிமன்றங்களில் ஆஸ்திரிய, சுவிஸ் நீதிபதிகளும் அமர்கிறார்கள். புதிதாக ஒரு சட்டத்தை எழுதிச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு இங்கே வழக்குகளும் இல்லை, வழக்கறிஞர்களும் இல்லை. பக்கத்து நாட்டின் தீர்ப்புகளும் உரைகளும் அப்படியே பயன்படும் என்பதுதான் கடன் வாங்கியதன் லாபம்.

சிக்கல் 1992 டிசம்பரில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தையில் உறுப்பினரல்லாத சில நாடுகளும் பங்கேற்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர வேண்டாம் என்று சுவிஸ் மக்கள் 6ஆம் தேதி வாக்களித்தார்கள். ஒரே வாரத்தில், 13ஆம் தேதி, சேரலாம் என்று லிக்டென்ஸ்டைன் மக்கள் 55.8 சதவீதம் வாக்களித்தார்கள். சுங்கம் சுவிஸோடு, சந்தை ஐரோப்பாவோடு. நடுவே எல்லைச் சாவடி இல்லை. சுங்க ஒப்பந்தத்தை மாற்றி எழுதி, மறுபடி வாக்கெடுப்பு வைத்து, 1995 மே 1 அன்றுதான் சேர முடிந்தது. கண்டுபிடித்த வழி இது: சுவிஸ் விதிப்படியோ ஐரோப்பிய விதிப்படியோ, எதன்படி செய்த பொருளாக இருந்தாலும் லிக்டென்ஸ்டைனில் விற்கலாம். ஆனால் ஐரோப்பிய விதிப்படி மட்டும் தகுதி பெற்ற பொருள் திறந்த எல்லை வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் நழுவிவிடக் கூடாது. அதற்காக வாடூஸில் உள்ள அரசு அலுவலகம் இறக்குமதியாளர்களின் கணக்கைக் கண்காணிக்கிறது. எல்லையில் செய்ய வேண்டிய சோதனை காகிதத்துக்கு மாறிவிட்டது. சிறிய நாடு என்பதால்தான் இது சாத்தியம்; இறக்குமதியாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அண்டை நாட்டின் நாணயத்தைக் கடன் வாங்கியதற்கு விலையும் உண்டு. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் காத்துவந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. ஒரே காலையில் ஃபிராங்க் எகிறியது. யூரோவில் விற்று ஃபிராங்கில் சம்பளம் கொடுக்கும் லிக்டென்ஸ்டைன் ஆலைகளுக்கு அடி விழுந்தது. அந்த முடிவில் வாடூஸுக்கு எந்தப் பங்கும் இல்லை. நெருக்கடியில் கைகொடுக்கச் சொந்த மத்திய வங்கியும் இல்லை என்பதால்தான், 2024 அக்டோபரில் சர்வதேச நாணய நிதியத்தில் 191ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா சுவிஸ் பொருள்களுக்கு 39 சதவீதமும் லிக்டென்ஸ்டைன் பொருள்களுக்கு 15 சதவீதமும் வரி போட்டபோது, ஒரே சுங்க ஒன்றியத்துக்குள் எந்தப் பொருள் எங்கே தயாரானது என்று பிரித்துக் காட்ட வேண்டிய நிலை வந்தது.

ஆலைகள்

வங்கிகள்தான் இந்த நாட்டுக்குச் சோறு போடுகின்றன என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாட்டு உற்பத்தியில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு தொழில்துறையிலிருந்து வருகிறது. நிதிச் சேவைகளின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். ஷான் ஊரில் 1941இல் தொடங்கிய ஹில்டி, கான்கிரீட்டைத் துளைக்கும் கருவிகளையும் ஆணிப் பிடிமானங்களையும் உலகமெங்கும் விற்கிறது. அதே ஊரின் இவோக்ளார் செயற்கைப் பற்களும் பல் பீங்கானும் செய்கிறது. எஷனில் தைசன்க்ரூப் பிரெஸ்டா, கார்களின் ஸ்டீயரிங் தண்டுகளைச் செய்கிறது. பால்ட்சர்ஸில் 1946இல் தொடங்கிய நிறுவனம், இன்றைய ஓர்லிகோன் பால்ட்சர்ஸ், வெட்டுக் கருவிகள் தேயாமல் இருக்க மெல்லிய பூச்சு பூசுகிறது. எல்லாமே எடை குறைந்த, விலை கூடிய பொருள்கள். துறைமுகம் இல்லாத, நிலம் போதாத நாட்டில் இரும்பு உருக்கிப் பிழைக்க முடியாது.

உள்நாட்டில் விற்க ஆளில்லை என்பதால் முதல் நாளிலிருந்தே ஏற்றுமதிதான். வேலை செய்யவும் ஆளில்லை. நாட்டில் வேலைகளின் எண்ணிக்கை மக்கள்தொகையைவிட அதிகம். வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தினமும் சுவிட்சர்லாந்திலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்து போகிறவர்கள். அவர்களை வளர்த்தது, படிக்கவைத்தது, முதுமையில் தங்கவைப்பது எல்லாம் பக்கத்து நாடுகள். லிக்டென்ஸ்டைனின் செழிப்பைப் பேசும்போது இந்த வரவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தலைக்கு இவ்வளவு வருமானம் என்று உலகப் பட்டியல்களில் முதலிடங்களில் வருகிறதே, அந்த எண்ணும் சரியான எண் அல்ல. உற்பத்தி செய்தவர்களில் பாதிப்பேர் வகுக்கும் எண்ணிக்கையில் இல்லை.

வந்து வேலை செய்யலாம், குடியேறத்தான் முடியாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் ஆட்கள் தடையின்றிக் குடியேறலாம் என்ற விதியிலிருந்து லிக்டென்ஸ்டைன் விலக்கு வாங்கியிருக்கிறது. அப்பகுதிக் குடிமக்களுக்கு ஆண்டுக்கு வேலைக்காக 56, வேலை இல்லாமல் வாழ 16 என்ற அளவில்தான் புதிய குடியிருப்பு அனுமதிகள். அவற்றில் பாதியை அரசு நேரடியாகத் தருகிறது; மறு பாதிக்கு ஆண்டுக்கு இரு முறை குலுக்கல். கட்டணம் கட்டி முதல் குலுக்கலில் தேறியவர்கள், மேலும் கட்டணம் கட்டி இறுதிக் குலுக்கலுக்குப் போக வேண்டும். சுவிஸ் குடிமக்களுக்குத் தனி ஒதுக்கீடு. இந்தியர் போன்ற மற்ற நாட்டவருக்குக் குலுக்கலில் இடமில்லை; நிறுவனத்தின் தேவையைக் காட்டித்தான் அனுமதி பெற வேண்டும். குடியுரிமை அதைவிடக் கடினம். 30 ஆண்டு வசித்திருக்க வேண்டும், அல்லது குறைந்தது பத்தாண்டு வசித்தபின் ஊராட்சி மக்கள் வாக்களித்து ஏற்க வேண்டும். பழைய குடியுரிமையைத் துறக்கவும் வேண்டும். இதைத் தளர்த்தும் முயற்சியை 2020இல் மக்கள் தோற்கடித்தார்கள்.

அறக்கட்டளையும் திருட்டுத் தரவும்

1926இல் வந்த நிறுவனச் சட்டம்தான் நிதித் தொழிலின் அடித்தளம். லிக்டென்ஸ்டைன் அறக்கட்டளைக்குப் பங்குதாரரோ உரிமையாளரோ கிடையாது. ஒருவர் குறைந்தது 30,000 ஃபிராங்க் போட்டு அதை நிறுவுகிறார். சொத்து அன்றோடு அறக்கட்டளையுடையது. உள்ளூர் அறங்காவலர் ஒருவர் நிர்வாகக் குழுவில் அமர்கிறார். யாருக்குப் பயன் என்பது துணை விதிகளில் இருக்கும். பொதுப் பதிவேட்டில் இருக்காது. குடும்பச் சொத்து சிதறாமல் காக்க இது நல்ல கருவி. தவறு எங்கே நடந்தது? நிறுவியவர் சொத்தை விட்டுவிட்டதாகக் காகிதத்தில் எழுதிவிட்டு, பக்க ஒப்பந்தம் மூலம் அறங்காவலரைத் தன் சொல்படி ஆட்டிவைத்தார். அப்படியானால் அது அவருடைய சொத்துதான். சொந்த நாட்டில் அதற்கு வரி கட்டியிருக்க வேண்டும்.

எல்ஜிடி குழுமத்தின் அறங்காவல் நிறுவனத்திலிருந்து ஊழியர் ஒருவர் திருடிய தரவுகளை ஜெர்மன் உளவுத்துறை விலைக்கு வாங்கியது. 2008 பிப்ரவரியில் ஜெர்மன் அஞ்சல் நிறுவனத் தலைவர் கிளவுஸ் சும்விங்கெல் வீட்டில் சோதனை நடந்தபோது விவகாரம் வெடித்தது. ஜெர்மனி அதே பட்டியலிலிருந்த இந்தியர் கணக்குகளின் விவரத்தை 2009இல் இந்தியாவுக்குத் தந்தது. கறுப்புப் பண வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெயர்களைக் கேட்டு அழுத்தம் கொடுக்க, 2014இல் மத்திய அரசு அவற்றை நீதிமன்றத்தில் வெளியிட்டது. லிக்டென்ஸ்டைன் என்ற பெயர் நம் நாளிதழ்களில் அடிபட்டது அப்போதுதான்.

லிக்டென்ஸ்டைன் அடித்த திருப்பம் வேகமானது. 2009 மார்ச் 12 அன்று பன்னாட்டு வரித் தகவல் நெறிகளை ஏற்பதாக அறிவித்தது. 2011இல் புதிய வரிச் சட்டம் வந்தது: நிறுவனங்களுக்கு ஒரே விகிதமாக 12.5 சதவீதம், குறைந்தபட்சம் ஆண்டுக்கு 1,200 ஃபிராங்க்; பின்னர் அது 1,800 ஆனது. இந்தியாவோடு தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தானது. 2017 முதல் கணக்கு விவரங்கள் தானாகவே மற்ற நாடுகளுக்குப் போகத் தொடங்கின. அறக்கட்டளைகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. ஆலைகள் இருந்ததால் நாடு தள்ளாடவில்லை. இப்போதைய தலைவலி வேறு வகை. ரஷ்யா மீதான தடைகள் தொடர்பாக அமெரிக்கா சில அறங்காவலர்களையும் தடைப் பட்டியலில் சேர்த்ததும், மற்றவர்கள் பயந்து பொறுப்பிலிருந்து விலகினார்கள். நிர்வகிக்க ஆளில்லாத அறக்கட்டளைகளை என்ன செய்வது என்று அரசு திணற வேண்டியிருந்தது.

சிறுமையின் விலை

சில காரியங்களுக்கு 40,000 பேர் போதாது, எவ்வளவு பணம் இருந்தாலும். 1878 முதல் வந்துகொண்டிருந்த "ஃபோல்க்ஸ்பிளாட்" நாளிதழ் 2023 மார்ச்சில் நின்றது; நாளிதழ் என்று மிஞ்சியது ஒன்றுதான். அரசு நடத்திய ரேடியோ லிக்டென்ஸ்டைனின் அடித்தளச் சட்டத்தை 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் மக்கள் நீக்கினார்கள். தனியார் யாரும் எடுத்து நடத்த முன்வராமல் 2025 ஏப்ரலில் ஒலிபரப்பு ஓய்ந்தது. ஒரே அரசமைப்பில் இளவரசரின் தடை அதிகாரத்தையும் மக்களின் வாக்கெடுப்பையும் வைத்திருக்கும் நாட்டில், இரண்டையும் கேள்வி கேட்கும் குரல்கள் குறைந்துவருவதுதான் எனக்குப் பெரிய கவலை.

1872இல் போட்ட ரயில் பாதை நாட்டுக்குள் சுமார் 9 கிலோமீட்டர். ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ஷையும் சுவிட்சர்லாந்தின் புக்ஸையும் இணைக்கிறது. அதை விரிவாக்கி அடிக்கடி உள்ளூர் ரயில் விடும் திட்டத்தை 2020 ஆகஸ்ட்டில் 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். பாதைக்குப் பணம் கட்ட வேண்டியவர்கள் லிக்டென்ஸ்டைன் வாக்காளர்கள். அதில் ஏறப் போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே வாக்கில்லாத, அக்கரையில் வாழும் தொழிலாளர்கள். அவர்கள் இன்றும் பேருந்திலும் காரிலும்தான் வருகிறார்கள். ஷானிலும் வாடூஸிலும் வேலைக்குப் போகும் நேரத்தில் சாலை அடைத்துக்கொள்கிறது.